மேட்டில் திரண்ட மசால், கிடையில் காணாமற்போனது ஏன்?

மானூர்ப் பக்கம் செவல் காட்டில் கொழுக்கட்டைப்புல்லையும் முயல் மசால் என்ற பயறுவகைத் தீவனச் செடியையும் கலந்து விதைத்த ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "மூணாம் வருஷம் மேட்டுப் பக்கம் மசால் திரண்டு நிக்குது. ஆட்டுக்கிடை போட்ட இடத்துல தேடினாலும் இல்ல. விதை கெட்டதா, கண்ணு பட்டுச்சா?"

ரெண்டும் இல்லை. பூசணிக்காய் உடைத்த காசுக்கு இன்னொரு கிலோ விதை வாங்கியிருக்கலாம். கிடையில் புழுக்கையும் மூத்திரமும் சேர்ந்து தழைச்சத்து பெருகியது. காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிப்பதுதான் மசாலின் பலம். மண்ணிலேயே அது கிடைத்தால் புல் முந்திக்கொண்டு வெயிலை மறைத்துவிடும்.

ஆனால் மேட்டிலும், ஒரே மண்ணில், ஒரு மசால் செழிக்க அடுத்தது சவலையாக நிற்கிறதே? அதற்கு மரபணுவும் ஒரு காரணமாகலாம்.

வேல்ஸ் நாட்டில் பல்லாண்டுகளாக உழாத மேய்ச்சல் நிலம் ஒன்றில் டர்கிங்டன், ஹார்ப்பர் என்ற இருவர் செய்த சோதனை 1979இல் வெளிவந்தது. நான்கு வகைப் புல்லின் நடுவே வளர்ந்த வெள்ளைக் குளோவர் (மசாலைப் போலவே ஒரு பயறுவகைத் தீவனம்) செடிகளை எடுத்துப் பெருக்கி, ஒவ்வொன்றையும் நான்கு புல்லோடும் மாற்றி மாற்றி நட்டார்கள். எந்தப் புல்லின் பக்கத்திலிருந்து வந்ததோ, அதே புல்லோடு நட்டபோதுதான் குளோவர் நன்றாக வளர்ந்தது. ஒரே நிலம், ஒரே இனம், சில மீட்டர் தூரம்தான் வித்தியாசம்! செடி எதையும் கற்றுக்கொள்ளவில்லை. பலவித மரபணுக்கள் கொண்ட செடிகள் போட்டியிட்டன. அந்தந்தப் புல்லுக்கு ஈடுகொடுக்காதவை செத்தன, மற்றவை படர்ந்தன. வேர்முடிச்சில் இருந்து காற்றின் தழைச்சத்தைப் பிடித்துத் தரும் ரைசோபியம் பாக்டீரியாவின் ரகத்துக்கும் இதில் பங்கு உண்டு என்று பின்னால் தெரிந்தது.

நம் ஊர்க் கலவையில் ஒரு சிக்கல். கொழுக்கட்டைப்புல் பெரும்பாலும் கருவுறாமலே விதை கட்டும். மகரந்தம் தேவைதான், ஆனால் அது விதையின் மாவுப்பகுதிக்கு மட்டுமே. கரு தாயின் நகல். முயல் மசாலோ பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும். ஒரே ரகத்தில் ஒரு பை வாங்கினால் செடிகள் ஏறக்குறைய ஒரே அச்சு. பொறுக்கி எடுக்க வேறுபாடே இருக்காது. ஒரு நோய் வந்தாலும் மொத்தமாகப் போய்விடும். ஆஸ்திரேலியாவில் 1970களில் முயல் மசாலின் உறவான டவுன்ஸ்வில் மசாலை ஆந்த்ராக்னோஸ் என்ற பூஞ்சை நோய் வாரிக்கொண்டு போனது நினைவிருக்கட்டும்.

ஆகவே இரண்டு மூன்று ரக மசாலைக் கலந்து போடுங்கள். விதைத்தோல் கெட்டி, 80 டிகிரி சூட்டு நீரில் 5 நிமிடம் போட்டெடுத்து, இரவு முழுக்கப் பச்சைத் தண்ணீரில் ஊறவிடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் வேகவிட்டால் கரு செத்துவிடும். ஐப்பசி மழைக்கு, ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழம் போகாமல் விதையுங்கள். முதல் வருடம் விதை உதிரும்வரை ஆடு இறங்கக் கூடாது.

அடுத்த விதைப்புக்கு வரப்போரத்து மசாலில் விதை எடுப்பதுதான் வழக்கத் தவறு. பக்கத்தில் போட்டி இல்லாததால் அங்கே காய்ப்பு அதிகம், கூட்டி அள்ளுவதும் சுலபம். ஆனால் புல்லோடு முட்டி நின்று பிழைத்த செடியில் எடுத்த விதைதான் கலவைக்கு ஆகும். எடுக்கும்போது அதன் வேரடி மண்ணில் ஒரு கூடை அள்ளிவந்து புது நிலத்தில் தூவுங்கள். அந்த ரைசோபியமும் கூடவே வந்துவிடும்.