பேட்சை எழுதினால் போதுமா, போட வேண்டாமா?

பேக்கேஜை எப்படிக் கட்ட வேண்டும் என்று சொல்லும் ஸ்பெக் ஃபைலின் மேலே ‘பேட்ச்3’ என்று ஒரு வரி எழுதிவிட்டால், அந்தப் பேட்ச் (மூல நிரலில் செய்ய வேண்டிய திருத்தம் உள்ள கோப்பு) மென்பொருளுக்குள் தானாகப் போய்விடாது. இதைத் திருநெல்வேலியில் ஆர்பிஎம் (சில லினக்ஸ்களில் மென்பொருளை நிறுவும் வடிவம்) பேக்கேஜ் பில்ட் செய்யும் பையன்களிடம் வாய் வலிக்கச் சொல்லியாகிவிட்டது. இப்போது மறுபடியும் ஒன்று வந்து நிற்கிறது. சரி, எழுதியே வைத்துவிடுகிறேன்.

டவுனில் ஒரு ஜவுளிக்கடை. பில் போடும் கம்ப்யூட்டர் எல்லாம் லினக்ஸ். ரசீது பிரிண்டருக்கான ஃபில்டர் நிரலில் பொருளின் பெயருக்கு 32 பைட் ஒதுக்கியிருந்தார்கள். ஆங்கிலப் பெயர் என்றால் பெரும்பாலும் போதும். தமிழுக்கு யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு குறிக்கும் 3 பைட். புள்ளி, கால், கொம்பு எல்லாமே தனித்தனிக் குறி. ‘சின்னாளப்பட்டி’ என்று எழுதினாலே 14 குறி, 42 பைட். ‘சேலை’ வருவதற்குள் நிரல் விழுந்துவிடும், பில் பாதியில் நிற்கும். இதற்கான திருத்தம் சின்ன டிஃப்தான் (எந்த வரி எப்படி மாறுகிறது என்ற குறிப்பு), அதுதான் அந்தப் பேட்ச்3. எழுதிய பையன் கெட்டிக்காரன், சரியாகவே எழுதியிருந்தான்.

பேக்கேஜ் பில்ட் ஆனது, மாற்றங்களை எழுதிவைக்கும் சேஞ்ச்லாகில் குறிப்பு ஏறியது, கடையில் இன்ஸ்டாலும் ஆனது. பில் அதே இடத்தில் நின்றது. கேபிளை மாற்றினார்கள். பிரிண்டரை மாற்றினார்கள். ‘என்ன தம்பி, முன்ன மாதிரியேதான் நிக்கு’ என்று அண்ணாச்சி சலித்துக்கொண்ட பிறகுதான் ஸ்பெக் ஃபைல் என்னிடம் வந்தது. கம்பைல் செய்யும் முன் மூல நிரலைத் தயார் செய்யும் ப்ரெப் பகுதியில் பேட்ச் 0, 1, 2 மூன்றையும் போடச் சொல்லும் வரிகள் இருந்தன. பேட்ச் 3க்கு வரியே இல்லை. கேட்டால், ‘மேல எழுதியிருக்கேன்லா அண்ணே, பில்டும் எரர் இல்லாம முடிஞ்சுதே’ என்கிறான்.

இந்த ‘எரர் இல்லாமல் முடிந்தது’ என்பதுதான் எனக்கு எரிச்சல். பேட்ச் போடாத பழைய மூல நிரல் ஏற்கெனவே நன்றாக கம்பைல் ஆகும் நிரல்தானே! அது ஏன் எரர் தரப்போகிறது? மேலே எழுதும் வரி, இந்தக் கோப்பை சோர்ஸ் ஆர்பிஎம்முக்குள் (மூல நிரலும் ஸ்பெக்கும் இருக்கும் பொட்டலம்) சேர்த்துவை என்று மட்டும்தான் சொல்கிறது. மருந்துச் சீட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் காய்ச்சல் போகுமா? பேட்சைப் போடுவது ப்ரெப் பகுதியின் வேலை. அங்கே சொல்லாவிட்டால் ஆர்பிஎம் போடாது, போடவில்லை என்று ஒரு வார்த்தையும் சொல்லாது. சேஞ்ச்லாகை யாரும் சரிபார்ப்பதில்லை. அது நீங்கள் கையால் எழுதும் கதை. பாதுகாப்புத் திருத்தம் ஒன்று இப்படி விட்டுப்போனால், திருத்தியாகிவிட்டது என்று எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள், ஓட்டை அப்படியே திறந்திருக்கும். பில் நின்றதால் இது தெரிந்தது. ஓட்டை அப்படித் தெரியாது.

ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் எழுத வைத்தால் ஒரு நாள் ஓரிடம் விட்டுப்போகத்தான் செய்யும். அதனால்தான் 2013இல் வந்த ஆர்பிஎம் 4.11இலேயே ஆட்டோசெட்டப் மேக்ரோவை (பல வேலையை ஒரே சொல்லில் செய்யும் சுருக்கம்) கொடுத்துவிட்டார்கள். ப்ரெப் பகுதியில் ‘ஆட்டோசெட்டப் -பி1’ என்று ஒரே வரி (-பி1 என்றால் பேட்சில் உள்ள கோப்புப் பாதையின் முதல் பகுதியை விட்டுவிடு என்று பொருள்). சோர்ஸைப் பிரித்து, மேலே அறிவித்த பேட்ச் எல்லாவற்றையும் வரிசையாகப் போட்டுவிடும். 4.15இலிருந்து பேட்சுக்கு எண் கொடுக்கவும் தேவையில்லை. ‘பேட்ச்’ என்ற சொல்லோடு எண்ணை ஒட்டி எழுதும் பழைய மேக்ரோவை 4.20இல் எடுத்தே விட்டார்கள். இன்னும் அதையே காப்பியடித்துக் கொண்டிருக்கிறார்கள். கேட்டால், சீனியர் ஒருவர் கொடுத்த டெம்ப்ளேட்டாம்.

இன்னொரு பேக்கேஜ் வடிவம் வைத்திருக்கும் டெபியன் லினக்ஸ்காரர்கள் சிரிக்க வேண்டாம். அவர்களுடைய ‘3.0 குவில்ட்’ வடிவத்தில், பேட்சுகளின் பெயர்ப் பட்டியலான சீரிஸ் கோப்பில் உள்ள பேட்சுகள் தானாக ஏறும், உண்மைதான். பேட்சஸ் அடைவில் கோப்பைப் போட்டுவிட்டு சீரிஸில் பெயரைச் சேர்க்காமல் விடுபவர்களை அங்கேயும் பார்க்கிறேன். ஜென்டூ லினக்ஸில் இஏபிஐ 6 என்ற பேக்கேஜ் விதிப் பதிப்பு வந்த பிறகு பேட்சஸ் பட்டியலில் சேர்த்தாலே போதும். ஆர்ச் லினக்ஸில் இன்றும் ப்ரிப்பேர் பகுதிக்குள் கையால்தான் எழுத வேண்டும். கூடுதல் கவனம் வையுங்கள்.

அப்புறம் ஃபஸ். சுற்றியுள்ள வரிகள் கொஞ்சம் மாறியிருந்தாலும் பேட்சைப் போடும் நிரல் தோராயமாக இடம் பார்த்து ஒட்டும், அதுதான் ஃபஸ். ஆர்பிஎம் இந்தத் தாராளத்தை 0 என்று வைத்திருப்பது நம் நன்மைக்கு. பேட்ச் ஒட்டாமல் மாட்டிக்கொண்டதும் ஸ்பெக்கில் டிஃபால்ட் ஃபஸ்ஸை 2 ஆக்கி வாயை அடைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். புதிய பதிப்பின் மேல் பேட்சைத் திரும்ப எடுங்கள், சில நிமிட வேலை. தவறான ஃபங்ஷனுக்குள் போய் ஒட்டிக்கொண்டு, கம்பைலும் ஆகிவிட்ட பேட்சைத் தேடுவதற்கு ஒரு நாள் போகும்.

எதையும் இன்ஸ்டால் செய்யும் முன் ‘ஆர்பிஎம்பில்ட் -பிபி’ கொடுங்கள். ப்ரெப்போடு நின்றுவிடும். பில்ட் அடைவுக்குள் போய், நீங்கள் திருத்திய வரி அங்கே இருக்கிறதா என்று கிரெப் (தேடும் கட்டளை) போட்டுக் கண்ணால் பாருங்கள். ஸ்பெக்கில் தவறு தேடும் ஆர்பிஎம்லின்ட்டுக்குக் கொடுங்கள். போடாமல் விட்ட பேட்சைப் பெயர் சொல்லிக் காட்டும். அந்த எச்சரிக்கையை நம் பையனும் பார்த்திருக்கிறான், மஞ்சள் நிறம்தானே என்று தள்ளிவிட்டிருக்கிறான். பேட்சை ‘கிட் ஃபார்மேட்-பேட்ச்’ கட்டளை வழியாக எடுங்கள், தலையில் காரணம் எழுதுங்கள், மூல ஆசிரியர்களுக்கும் அனுப்புங்கள். 2008இல் டெபியனின் ஓப்பன்எஸ்எஸ்எல் (குறியாக்க மென்பொருள்) உருவாக்கிய சாவிகள் எளிதில் ஊகிக்கக்கூடியவை என்று தெரியவந்ததே, அதற்குக் காரணம் டெபியன் மட்டும் தனியாகச் சேர்த்திருந்த ஒரு சின்ன மாற்றம்.

குறிப்பிட்ட ஆர்க்கிடெக்சருக்கு (பிராசசர் வகைக்கு) மட்டும் போட வேண்டிய பேட்ச் என்றால், அறிவிப்பு வரியை இஃப் நிபந்தனைக்குள் வைக்காதீர்கள். வேறு கணினியில் எடுக்கும் சோர்ஸ் ஆர்பிஎம்மில் அந்தக் கோப்பே இருக்காது. ஆட்டோசெட்டப்புக்கு ‘-என்’ கொடுத்து, அது தானாகப் பேட்ச் போடுவதை நிறுத்திவிட்டு, பேட்ச் மட்டும் போடும் ஆட்டோபேட்ச் மேக்ரோவில் எண் எல்லை கொடுத்துப் போடலாம்.

பழைய ஸ்பெக்கை ஆட்டோசெட்டப்புக்கு மாற்றுபவர்கள் அவசரப்பட வேண்டாம். சில பேட்சுகள் -பி0 (பாதையில் எதையும் விடாதது), சில -பி1 என்று கலந்து கிடக்கும். எல்லாவற்றையும் -பி1க்குக் கொண்டுவந்த பிறகு மாற்றுங்கள். இன்னொன்று, யாரோ வேண்டுமென்றே போடாமல் விட்டுவைத்த பேட்ச் மேலே அறிவிப்பில் கிடக்கும். மாற்றியதும் அதுவும் சேர்ந்து ஏறிவிடும். மாற்றும் முன்பும் பின்பும் -பிபி ஓட்டி, இரண்டு அடைவுகளையும் ‘டிஃப் -ஆர்’ போட்டுப் பாருங்கள். வித்தியாசம் வந்தால் அந்த ஸ்பெக்கை எழுதியவரிடம் கேளுங்கள். அவர் சென்னைக்கு வேலை மாறிப் போயிருந்தாலும் சரி, ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டு அப்புறம் பில்ட் செய்யுங்கள்.