தலை திரும்பினால் உடலும் திரும்பும்

வீட்டுக்குள் பரம சாதுவாக இருக்கும் நாய், லீஷ் (பிடித்து நடக்கும் கயிறு) மாட்டி வெளியே கூட்டிப்போனதும் வேறு ஆளாகிவிடும். எதிரே இன்னொரு நாய் வந்தால் போதும், எகிறிக் குதித்துக் குரைத்து, பிடித்திருப்பவரின் தோள்பட்டையைக் கழற்றாத குறையாக இழுக்கும். அதே நாயை அவிழ்த்துவிட்டால் பல சமயம் இத்தனை ரகளை இருக்காது. பயிற்சியாளர்கள் இதை லீஷ் ரியாக்டிவிட்டி என்பார்கள்.

கோளாறு பாதி அந்தக் கயிற்றிலேயே இருக்கிறது. முன்பின் தெரியாத இரண்டு நாய்கள் நேருக்கு நேர் நடந்து வந்து முகத்தை முறைத்துப் பார்ப்பது அவற்றின் வழக்கத்தில் மரியாதையில்லை. வளைந்து, பக்கவாட்டில் வந்து, மோந்து பார்த்துத்தான் அறிமுகம் செய்துகொள்ளும். பிடிக்காவிட்டால் விலகிப் போய்விடும். லீஷில் இருக்கும் நாய் வளையவும் முடியாது, விலகவும் முடியாது. பயந்த நாய்க்கு மிச்சமிருப்பது மிரட்டல் மட்டும்தான். அது குரைக்கிறது, எதிரே வந்த நாயும் அதன் ஆளும் கடந்து போகிறார்கள். அவர்கள் எப்படியும் போகத்தான் போகிறார்கள். ஆனால் நம் நாயின் கணக்கில், ‘குரைத்தேன், போய்விட்டது’. அடுத்த முறை இன்னும் சீக்கிரம், இன்னும் சத்தமாகக் குரைக்கும். (எல்லா நாயும் பயத்தில் குரைப்பதில்லை. போய் விளையாட விடவில்லையே என்ற ஆத்திரத்தில் குரைப்பவையும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும்.)

இங்கேதான் ஹெட் ஹால்டர் வருகிறது. ஒரு வார் காதுக்குப் பின்னால் கழுத்தின் உச்சியைச் சுற்றும், இன்னொன்று மூக்கின் மேல் வளையமாக உட்காரும், லீஷ் தாடைக்குக் கீழே மாட்டப்படும். அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஆர். கே. ஆண்டர்சனும் பயிற்சியாளர் ரூத் ஃபாஸ்டரும் உருவாக்கிய ஜென்டில் லீடர், பிரிட்டனின் விலங்கு நடத்தை நிபுணர் ரோஜர் மக்ஃபோர்ட் உருவாக்கிய ஹால்டி ஆகிய இரண்டும் இதில் பெயர்பெற்றவை. பார்க்கிறவர்கள் ‘ஐயோ, கடிக்கிற நாயா?’ என்று ஒதுங்குவார்கள். ஆனால் இது வாய்ப்பூட்டு இல்லை. நாய் வாய் திறந்து மூச்சு வாங்கலாம், தண்ணீர் குடிக்கலாம், தின்னலாம். கடிக்கவும் கடிக்கலாம், அதை மறந்துவிடக் கூடாது.

இதன் சூட்சுமம் நெம்புகோல் கணக்கு. கதவைக் கீலுக்குப் பக்கத்தில் கை வைத்துத் தள்ளிப் பாருங்கள், அசைப்பதே பாடு. கைப்பிடியில் ஒரு விரல் போதும். சாதாரண காலர் கீலுக்குப் பக்கத்தில் கை வைப்பது மாதிரி. கழுத்து, தோள்களையும் மார்பையும் ஒட்டியிருக்கிறது. நிற்கும் நாயின் எடையில் சுமார் 60 சதவீதத்தை முன்கால்கள் தாங்குகின்றன. அந்தக் கனத்தோடு நாய் முன்னால் சாய, பின்னங்கால்கள் உந்த, நாம் அதன் மொத்த உடம்போடு மல்லுக்கட்டுகிறோம். ஹால்டரின் மூக்கு வளையமோ கழுத்து மூட்டிலிருந்து தள்ளி இருக்கிறது. அங்கே கொடுக்கும் சிறு விசைகூட தலையைத் திருப்பிவிடும், தலை திரும்பிய பக்கம் உடம்பு தானாக வரும். இன்னொன்றையும் கவனியுங்கள்: முன்னால் இழுக்கும் நாயை அதன் இழுப்பே நம் பக்கம் திருப்புகிறது. நாம் கையை அசைக்காமல் பிடித்திருந்தாலே போதும்.

என்னைக் கேட்டால், தலை திரும்புவதைவிடக் கண் திரும்புவதுதான் பெரிய லாபம். வெடிப்பதற்கு முந்தைய சில நொடிகளில் நாய் உறைந்துபோய் எதிரியையே வெறித்துப் பார்க்கும். எதிர் நாய்க்கு அந்தப் பார்வையே ஒரு சவால். மெல்லத் தலையைத் திருப்பினால் அந்த முறைப்பு அறுபடுகிறது.

ஆனால் ஹால்டர் நாய்க்கு எதையும் கற்பிப்பதில்லை, நமக்குச் சில நொடி அவகாசம் வாங்கித் தருகிறது. கற்பிப்பது தீனி. எதிர் நாய் தெரிகிறது, உடனே ருசியான ஒரு துண்டு. நாய் மறைந்ததும் தீனியும் நின்றுவிட வேண்டும். இந்த வரிசை மாறவே கூடாது. தீனியை முதலில் காட்டிவிட்டு அப்புறம் நாயைக் காட்டினால், தீனியே ஆபத்துக்கு முன்னறிவிப்பாகிவிடும். இதெல்லாம் நம் நாய் எதிரியைப் பார்த்தும் தீனியை வாங்கித் தின்னும் அளவுக்குத் தூரத்தில் நடக்க வேண்டும். தின்ன மறுத்தால் நாம் மிக நெருங்கிவிட்டோம், பின்வாங்க வேண்டியதுதான்.

ஹால்டரை மாட்டிய அன்றே தெருவில் இறங்குவது பலர் செய்யும் தவறு. மூக்கில் ஏதோ ஒட்டிக்கொண்டது என்று நாய் முன்னங்காலால் பிறாண்டும், தரையில் முகத்தைத் தேய்க்கும். முதலில் வளையத்தின் வழியாகத் தீனி நீட்டி, அது தானாக மூக்கை நுழைக்கப் பழக்க வேண்டும். ஒரு நொடி, ஐந்து நொடி, ஒரு நிமிடம் என்று நாள்கணக்கில் போகும் வேலை இது.

தாய் நாய் குட்டியின் மூக்கைக் கவ்வி அடக்குவதுபோல இந்த வார் நாயை அமைதிப்படுத்துகிறது என்று ஒரு விளக்கம் உலவுகிறது. எனக்கு அதில் நம்பிக்கையில்லை. 1998-இல் வெளியான ஓர் ஆய்வு, ஹால்டர் போட்ட நாய்களையும் சாதாரண காலர் போட்டவற்றையும் ஒப்பிட்டது. ஹால்டர் போட்டவை அடங்கி நடந்தன, மூக்கைப் பிறாண்டவும் செய்தன. இதயத்துடிப்பிலும், மன அழுத்தத்தில் கூடும் கார்டிசால் ஹார்மோன் அளவிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஆகவே தலையைத் தொங்கப்போட்டு நடக்கும் நாயை ‘சாந்தமாகிவிட்டது’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், பிடிக்காமல் சகித்துக்கொண்டும் இருக்கலாம்.

நெம்புகோலுக்கு ஆபத்தான பக்கமும் உண்டு. வெடுக்கென்று சுண்டினாலோ, நீளமான லீஷில் நாய் ஓடிப்போய்க் கயிற்றின் எல்லையில் முட்டினாலோ, அத்தனை விசையும் கழுத்தைத் திருகும். குட்டையான லீஷ், நிதானமான கை, இரண்டும் கட்டாயம். பக் மாதிரி மூக்கு சப்பையான நாய்களுக்கு வளையம் நிற்க இடமே இல்லை, அவற்றுக்கு மார்பில் லீஷ் மாட்டும் ஹார்னஸ்தான். மற்றவற்றுக்கும் ஹால்டரோடு காலரையும் தனி லீஷுடன் சேர்த்து மாட்டுவது நல்லது, மூக்கு வளையம் நழுவினால் பிடிமானம் இருக்கும். அப்படி இரண்டு லீஷில் நடக்கும்போது, எதிரே நாய் வந்தும் ஹால்டர் லீஷ் பல வாரங்களாகத் தொய்வாகவே தொங்குகிறதென்றால், ஹால்டரைக் கழற்றிப் பார்க்கலாம்.