தலைச்சுற்றளவு: தலை சுத்துறதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லீங்க

அக்காவுக்குப் பொண்ணு பொறந்தப்ப டிஸ்சார்ஜ் சம்மரில எடை, நீளம் எல்லாம் எழுதி அதுக்குக் கீழ "ஹெச்.சி. 34 செ.மீ"ன்னு ஒரு வரி. என்னடா இதுன்னு அத்தை கேட்டாங்க, நானும் பெரிய இவனாட்டம் "தலைச்சுற்றளவு அத்தை"ன்னேன். "ஐயையோ, பொறந்து மூணு நாள் ஆகல, புள்ளைக்கு எதுக்குடா தலை சுத்துது"ன்னு பதறிட்டாங்க.

ஹெச்.சி.ன்னா ஹெட் சர்க்கம்ஃபரன்ஸ். லத்தீன்ல சர்க்கம்னா சுத்தி, ஃபெர்ரேன்னா கொண்டுபோறது. ஸ்கூல் கணக்குல இதைப் பரிதின்னும் படிச்சிருப்போம், ஆனா பரிதி வட்டத்துக்குத்தான் சரி, குழந்தை மண்டை என்னைக்கு வட்டமா இருந்துச்சு, அதுவும் சுகப்பிரசவத்துல நெருக்கி வெளிய வந்த முதல் நாள் கூம்பு மாதிரி நீண்டுல்ல கெடக்கும் (அதனாலதான் ஒரு நாள் கழிச்சு அளந்தா சரியா இருக்கும்பாங்க). அதனால சுற்றளவுதான் பொருத்தம். எழுதும்போது மட்டும் நடுவுல அந்த "ச்"சை விட்டுடாதீங்க. "தலை சுற்றுகிறது"ல தலை எழுவாய், அங்க ஒற்று வராது. தலையினது சுற்றளவுங்கிறது வேற்றுமைத்தொகை, ஒற்று வரணும். பிரிச்சு "தலை சுற்றளவு"ன்னு எழுதினீங்கன்னா எங்க அத்தை மாதிரி ஆளுங்க பாதியிலயே பயந்துடுவாங்க.

டாக்டருங்க ஓ.எஃப்.சி.ன்னும் எழுதுவாங்க, ஆக்ஸிபிடோஃப்ரண்டல் சர்க்கம்ஃபரன்ஸ். வாய்ல நுழையாத பேருதான், ஆனா எப்படி அளக்கணுங்கிறது அந்தப் பேருக்குள்ளயே இருக்கு. ஃப்ரண்டல்னா நெத்திப் பக்கம், ஆக்ஸிபுட்னா பின்மண்டை. இதைப் பிடரின்னு மொழிபெயர்க்கிறதுல எனக்கு உடன்பாடில்ல, பின்னங்கால் பிடரியில பட ஓடினான்னு சொல்றோமே அது கழுத்தோட பின்பக்கம், டேப் அங்க போனா அளவே தப்பு. நெற்றி-பின்மண்டைச் சுற்றளவுன்னா போதும். புருவத்துக்குச் சத்தே மேல ஆரம்பிச்சு, காதுக்கு மேலயா போயி, பின்னாடி எந்த இடம் ரொம்பப் புடைச்சிருக்கோ அதைச் சுத்தி வரணும். ரெண்டு மூணு தடவ வெச்சுப் பார்த்து வர்றதுல பெரிய அளவை எடுத்துக்கணும். டெய்லர் கழுத்துல தொங்குற பழைய டேப் வேணாம், அது இழுத்து இழுத்து நீண்டுருக்கும். ஹேர்பேண்டையும் கழட்டிடுங்க.

அளக்கிறது தலையைன்னாலும் பார்க்க நினைக்கிறது மூளையைத்தான். மண்டையோடு தானா வளர்றதில்ல, உள்ள மூளை பெருசாகித் தள்ளுறதாலதான் விரியுது, அதுக்கு எடம் கொடுக்கத்தான் உச்சிக்குழியும் எலும்புகளுக்கு நடுவுல இடைவெளியும். முதல் 3 மாசம் மாசத்துக்கு 2 செ.மீ, அடுத்த 3 மாசம் 1 செ.மீ, அப்புறம் ஒரு வயசு வரைக்கும் அரை செ.மீ. கூட்டிப் பாருங்க, 34ல ஆரம்பிச்ச புள்ளைக்கு முதல் பர்த்டேல 46 கிட்ட வந்திருக்கும். ரெண்டாவது வருஷம் முழுசுக்குமே ரெண்டு செ.மீ.தான் கூடும்.

இந்த அளவைக் குறிச்சு வைக்கிற வளர்ச்சி சார்ட்ல வர்ற பெர்சன்டைலுக்குத் தமிழ்ல நூற்றுமானம்னு நல்ல சொல் இருக்கு, ஸ்டாட்டிஸ்டிக்ஸ் புத்தகத்தைத் தாண்டி வெளிய வரலை, அவ்ளோதான். 15ஆவது நூற்றுமானம்னா 15 மார்க் வாங்கி ஃபெயில்னு அர்த்தம் இல்லீங்க, நூறு குழந்தைங்களை வரிசையா நிக்க வெச்சா 15 பேரு தலை இதைவிடச் சின்னதுன்னுதான். உலக சுகாதார நிறுவனத்தோட சார்ட் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கான்னு ஆறு நாட்டுக் குழந்தைங்களை அளந்து போட்டது, நம்ம பக்கத்துல டெல்லி. ஒரு தடவ அளந்ததைவிட அடுத்தடுத்து வர்ற புள்ளி அதே கோட்டோட போகுதான்னு பார்க்கிறதுதான் விஷயம். திடீர்னு கோட்டைத் தாண்டி மேல ஏறினா உள்ள நீர் கோத்திருக்கான்னு பார்ப்பாங்க, தட்டையா நின்னுட்டா மூளை வளர்ச்சியைப் பார்ப்பாங்க.

2015ல பிரேசில்ல ஜிகா வைரஸ் பரவினப்ப மைக்ரோசெஃபலிங்கிற பேரு நியூஸ்ல ஓயாம அடிபட்டுச்சு. கிரேக்கத்துல மிக்ரோஸ் சின்னது, கெஃபலே தலை, அப்ப சிறுதலைன்னே சொல்லிடலாம். இதுக்கு எதிரான மேக்ரோசெஃபலிக்குப் பெருந்தலைன்னு வைக்கலாம்னா, நம்ம ஊர்ல பெருந்தலைன்னா கட்சிக்காரனோ காண்ட்ராக்டரோதான் ஞாபகம் வருது! தலை பெருசா இருக்குற பல குழந்தைங்களுக்கு நோயே இருக்காது, குடும்ப வாகா இருக்கும். அதனால டாக்டர் அடுத்து டேப்பை எடுத்துட்டு அப்பா அம்மா தலைக்கு வந்தா சிரிக்காம காட்டுங்க.