‘சீனியர்’: நாய் உணவுப் பையில் உள்ள சொல்லுக்கு என்ன பொருள்?

“ஏழு வயசாகிட்டுது, இனிச் சீனியர் எடுக்கவேணுமா?” வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ நாய் வளர்ப்பவர்கள் கடைக்காரரிடம் கேட்கும் கேள்வி இது. சீனியர் ஏதோ மருந்தின் பெயர் போலவும், ஒரு பிறந்தநாளோடு கட்டாயம் தொடங்கவேண்டியது போலவும் அந்தக் கேள்வி ஒலிக்கிறது. அது மருந்தின் பெயர் அல்ல. இன்ன சத்து இவ்வளவு இருக்கும் என்று உறுதி தரும் பெயரும் அல்ல. அது வெறும் வயதுச் சொல், அதிலும் ஒப்பீட்டுச் சொல்.

லத்தீனில் செனெக்ஸ் என்றால் கிழவர். செனியோர் அதன் ஒப்பீட்டு வடிவம்: இன்னொருவரை விட வயது கூடியவர். வயதோடு மதிப்பும் சேர, அது தலைவரைக் குறிக்கும் சொல்லாயிற்று. ஸ்பானியரின் சென்யோர் அதன் வழிவந்தது. ஆங்கிலேயரின் ‘சேர்’ என்ற சொல்லும் அப்படியே. கொழும்புப் பிள்ளைகள் வகுப்பில் ஆசிரியரைக் கூப்பிடும் ‘சேர்’ என்ற சொல்லும் நாய் உணவுப் பையின் ‘சீனியர்’ என்ற சொல்லும் ஒரே வேரில் முளைத்தவை. தமிழில் இதற்கு எதிர்த்திசைப் பயணம் ஒன்று உண்டு. கிழமை என்றால் உரிமை; தொல்காப்பியத்தில் கிழவன் என்பவன் உரியவன், தலைவன். அங்கே கிழவர் தலைவரானார். இங்கே தலைவன் கிழவன் ஆனான்.

இலங்கைத் தமிழில் சீனியருக்கு அலுவலக மொழிபெயர்ப்பு ‘சிரேஷ்ட’. சிரேஷ்ட விரிவுரையாளர், சிரேஷ்ட பொலிஸ் அத்தியட்சகர் என்று நாளும் எழுதுகிறோம். ஆனால் வடமொழியில் சிரேஷ்ட என்றால் ‘மிகச் சிறந்த’. ‘மிக மூத்த’ என்பதற்கு அங்கே ஜ்யேஷ்ட என்ற வேறு சொல் இருக்கிறது. சிங்களத்தில் சீனியருக்கு அதையே சரியாக எடுத்தார்கள். ஜ்யேஷ்ட தமிழுக்கும் புதிதல்ல. கேட்டை நட்சத்திரத்தின் பெயர் அதிலிருந்துதான் வந்தது. மூதேவிக்குச் சேட்டை என்ற பெயரும் அப்படியே. பதவிப் பெயரில் சிரேஷ்ட ஊன்றிவிட்டது, அதை இனிப் பிடுங்கமுடியாது. நாய் உணவுக்கு மட்டும் அதைக் கொண்டுவரக் கூடாது. ‘சிரேஷ்ட நாய் உணவு’ என்றால் மிகச் சிறந்த உணவு என்று படிப்பவர் நினைப்பார். பையை விற்பவருக்கு அது நல்லது, நாய்க்கு நல்லதல்ல.

‘மூத்த’ என்ற சொல்லும் இங்கே முழுதாகப் பொருந்தாது. அது சீனியர் போலவே ஒப்பீட்டுச் சொல். நான்கு வயதுப் பிள்ளையும் தம்பி பிறந்துவிட்டால் மூத்த பிள்ளைதான். வாழ்வின் கடைசிப் பருவத்தைச் சொல்ல நமக்கு ‘முது’ இருக்கிறது. மெய்யெழுத்துக்கு முன் முதுமொழி, முதுமக்கள். உயிருக்கு முன் நீண்டு மூதூர், மூதாட்டி. இலங்கையில் 1947 முதல் 1971 வரை இருந்த செனற் சபையின் பெயரும் செனெக்ஸ் வழி வந்ததே. பல்கலைக்கழக செனற்றுக்கு நாம் வழங்கும் மூதவை என்ற பெயர் அதற்கு அச்சொட்டான தமிழ். அதே வழியில் முதுநாய், முதுநாய் உணவு. தொல்காப்பிய மரபியல் நாயின் குட்டிக்குக் குருளை என்று பெயர் சொல்கிறது. ஆண்பாற் பெயரும் பெண்பாற் பெயரும் சொல்கிறது. முதுமைப் பெயருக்கென்று அங்கே தனி வரிசை இல்லை. அந்த இடத்தை நாம் நிரப்பிக்கொள்ளலாம். கிழநாய், கிழட்டு நாய் என்பவை வசைக்குப் பழகிவிட்டன.

சரி, பைக்குள் என்ன? அமெரிக்கத் தீவனக் கட்டுப்பாட்டு அலுவலர் சங்கமான ஆஃப்கோ நாய்களுக்கு இரண்டு சத்து அளவுத் திட்டங்களையே வகுத்திருக்கிறது: வளர்ச்சிக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஒன்று, வளர்ந்த நாயைப் பேணுவதற்கு ஒன்று. முதுநாய்க்கென்று மூன்றாவது திட்டம் கிடையாது. ஆகவே சீனியர் என்று போட்ட பை, இந்தத் திட்டங்களின் கண்ணில், வளர்ந்த நாய் உணவுதான். ஒரு நிறுவனம் கலோரியைக் குறைத்திருக்கும், இன்னொன்று நார்ச்சத்தைக் கூட்டியிருக்கும், மற்றொன்று மூட்டுக்கென்று குளுக்கோசமைன் கொஞ்சம் தூவியிருக்கும். சொல் ஒன்று, உள்ளடக்கம் பல.

வயதை எப்படிக் கணக்கிடுவது? அந்த இன, அந்த அளவு நாய் எவ்வளவு காலம் வாழும் என்று எதிர்பார்க்கிறோமோ அதன் கடைசிக் கால் பங்குதான் முதுமை என்பது மிருக வைத்தியர்கள் கொள்ளும் வரையறை. 12 வருடம் வாழும் லாப்ரடோருக்கு 9 வயதில் முதுமை தொடங்கும். 16 வருடம் வாழக்கூடிய சின்ன நாய்க்கு 12இல். 8 வருடமே வாழும் கிரேட் டேனுக்கு 6இல். ஏழு வயது என்பது எல்லா நாய்க்கும் பொதுக் கணக்கு அல்ல. நரை, திரை, மூப்பு என்று நாம் வரிசையாகச் சொல்வோம். நாயின் முகவாய் நரைப்பது நான்கைந்து வயதிலேயே தொடங்கலாம். நரையைப் பார்த்து உணவை மாற்றவேண்டாம்.

வயது போனால் புரதத்தைக் குறைக்கவேண்டும், இல்லாவிட்டால் சிறுநீரகம் கெடும் என்ற பழைய எண்ணம் இன்னும் உலவுகிறது. அது தவறு. ஆரோக்கியமான முதுநாய்க்குத் தசை கரையும். அதைத் தாங்க இளம் நாய்க்குக் கொடுத்த அளவுக்குக் குறையாத, கூடினாலும் நல்லதான புரதம் வேண்டும். சிறுநீரக நோய் சோதனையில் உறுதிப்பட்ட நாய்க்கு உணவு வேறு. அதில் முதலில் கட்டுப்படுத்துவது பொஸ்பரஸ். அதை மிருக வைத்தியர் சொல்லித்தான் தொடங்கவேண்டும். சீனியர் பை அதற்கு மாற்றாகாது.

பையின் பின்புறத்தில் இரண்டு எண்களைத் தேடுங்கள்: புரதச் சதவீதம், ஒரு கிலோவில் உள்ள கிலோகலோரி. 25 சதவீதப் புரதமும் 3,500 கிலோகலோரியும் என்றால், ஒரு கிலோவில் புரதம் 250 கிராம்; அதை 3.5ஆல் வகுக்க 1,000 கிலோகலோரிக்கு 71 கிராம். வளர்ந்த நாய்க்கு ஆஃப்கோ கேட்கும் குறைந்தபட்சம் 45 கிராம். முதுநாய்க்கு 70ஐ அண்டி இருந்தால் நிம்மதி. தகர உணவையும் இதே கணக்கில் ஒப்பிடலாம். சதவீதத்தை மட்டும் பார்த்தால் அதன் ஈரம் ஏமாற்றும். பிரித்து நிறுத்து விற்கும் பொதியில் இந்த எண்கள் இருக்காது.

நம் வீடுகளில் இன்னொரு கணக்கும் சேரவேண்டும். விலை காரணமாகப் பை உணவோடு சோறு கலப்பது வழக்கம். 100 கிராம் வெறுஞ்சோற்றில் ஏறக்குறைய 130 கிலோகலோரி, 2.7 கிராம் புரதம். அதாவது 1,000 கிலோகலோரிக்கு 21 கிராம்தான். ஏற்கெனவே புரதம் குறைந்த சீனியர் உணவில் பாதிக்குப் பாதி சோற்றைக் கலந்தால் நாயின் முதுகும் தொடையும் மெல்ல வற்றும். கலக்கத்தான் வேண்டுமென்றால் முள் நீக்கிய அவித்த மீனோ முட்டையோ சேருங்கள். கருவாடு வேண்டாம், உப்பு இதயக் கோளாறுள்ள நாயைப் படுத்தும். வெங்காயம் போட்ட குழம்பு எந்த வயதிலும் ஆகாது.

இனி, மாற்றுவதா? கையை விரித்துப் புறங்கையைத் தடவிப் பாருங்கள். விலா எலும்பு அந்த அளவில் கைக்குப் பட்டால் உடம்பு சரி. மாதம் ஒருமுறை நாயைத் தூக்கிக்கொண்டு தராசில் நின்று உங்கள் எடையைக் கழியுங்கள். எடை நிலையாக, தசை இறுக்கமாக, மலம் ஒழுங்காக இருந்தால் இப்போதைய நல்ல உணவையே தொடரலாம். விலா கொழுப்பில் மறைந்துவிட்டதா? முதலில் அளவைப் பத்தில் ஒன்று குறைத்துப் பாருங்கள், பிறகு கலோரி குறைந்த பையை யோசிக்கலாம். காரணமின்றி மெலிகிற நாய்க்குக் கலோரி குறைந்த சீனியர் கொடுப்பதுதான் நாம் அதிகம் அஞ்சும் பிழை. 20 கிலோ நாய் ஒரு கிலோ குறைந்தாலே இரத்தமும் சிறுநீரும் சோதிக்கவேண்டும். ஒரு நாளில் கிலோவுக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் தண்ணீர் குடித்தாலும் அப்படியே. உணவை வாயில் எடுத்துக் கீழே போட்டால் பல்லைப் பார்க்கச் சொல்லுங்கள். வெதுவெதுப்பான நீரில் ஊறவைப்பது அதுவரைக்கும்தான்.

மாற்றுவதென்று முடிவானால் பத்து நாள் எடுங்கள். முதல் மூன்று நாள் கால் பங்கு புதிது, அடுத்த மூன்று நாள் பாதி, அதற்கடுத்த மூன்று நாள் முக்கால், பத்தாம் நாள் முழுவதும். கிண்ணத்தால் அளக்காமல் தராசில் நிறுங்கள். புதிய உணவின் அடர்த்தி வேறு, அதே கிண்ணம் அதே கலோரி தராது. மலம் இளகினால் முந்தின படிக்குத் திரும்பி மூன்று நாள் நில்லுங்கள். வாந்தி தொடர்ந்தாலோ, ஒரு நாள் முழுக்க உணவைத் தொடாவிட்டாலோ மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள்.