பாடி இமேஜ்: பிம்பமும் இல்லை, தோற்றமும் இல்லை

‘ஆரோக்கியமான வாழ்க்கைமுறை மூலம் நேர்மறை உடல் பிம்பத்தைக் கட்டியெழுப்புங்கள்.’ உடல்நலம் பற்றி எழுதுகிறவர்கள் எல்லாரும் இந்த வாக்கியத்தை எங்கிருந்தோ மொத்தமாக வாங்கி வைத்திருக்கிறார்கள் போல. கட்டியெழுப்ப அது என்ன மணிமண்டபமா? ஆங்கிலத்தில் இருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு தமிழ்ச் சொல்லை வரிசையாக அடுக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று எழுந்து போயிருக்கிறார் மொழிபெயர்ப்பாளர்.

‘உடல் பிம்பம்’ என்று அவர்கள் எழுதுவது ஆங்கிலத்தின் ‘பாடி இமேஜ்’. அதன் வேரைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இமேஜ், லத்தீனின் இமாகோவிலிருந்து வந்தது. உரு, நகல் என்று பொருள். உடலைப் பற்றி மூளை ஒரு வரைவு வைத்திருக்கிறது என்ற கருத்தை நரம்பியலாளர் ஹென்றி ஹெட் 1911இல் கோர்டன் ஹோம்ஸ் என்பவரோடு சேர்ந்து எழுதினார். வியன்னாவில் பிறந்த உளமருத்துவர் பால் ஷில்டர் 1935இல் வந்த நூலில் அதை விரித்து, நம் உடலைப் பற்றி நம் மனத்துக்குள் நாமே உண்டாக்கிக்கொள்ளும் படம்தான் பாடி இமேஜ் என்றார். நான் சண்டை போடுவது ‘மனத்துக்குள்’ என்ற அந்த ஒரு சொல்லுக்காகத்தான்.

இப்போது பிம்பத்துக்கு வருவோம். வடசொல் என்பதால் மட்டும் நான் அதைத் தள்ளவில்லை; வடசொல்லாக இருந்தும் விளங்கினால் எனக்குப் போதும். வடமொழியில் அது சூரிய, சந்திர வட்டத்தைக் குறிக்கும். தத்துவ நூல்களில் பிம்பம் என்றால் மூலப்பொருள், கண்ணாடியில் தெரிவது பிரதிபிம்பம். தமிழில் ‘பிரதி’யை உதறிவிட்டு இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டோம். சரி, போகட்டும். ஆனால் இன்றைய தமிழில் பிம்பம் எங்கே புழங்குகிறது என்று பாருங்கள்: நடிகரின் பிம்பம், தலைவரின் பிம்பம், பிம்பம் உடைந்தது, பிம்ப அரசியல். எல்லாம் ஊர் கண்ணுக்குத் தெரிவது, பெரும்பாலும் போலியாகக் கட்டப்பட்டது. அந்தச் சொல்லை உடலோடு ஒட்டினால் படிக்கிறவர் என்ன நினைப்பார்? என் உடல் மற்றவர்களுக்கு எப்படித் தெரிகிறது என்பதைப் பற்றி ஏதோ சொல்கிறார்கள் என்றுதான் நினைப்பார். ஷில்டர் சொன்னதற்கு நேர் எதிர்த் திசை.

பிறவியிலேயே பார்வை இல்லாதவர் கண்ணாடியை அறியமாட்டார், ஆனாலும் தன் உடலைப் பற்றி அவருக்கு ஒரு படம் உண்டு. அதில் நிறைவும் இருக்கலாம், குறையும் இருக்கலாம். கை துண்டிக்கப்பட்டவருக்கு இல்லாத கையில் வலிக்கிறது. எடை கூடிவிடுமோ என்ற பயத்தில் உணவை ஒதுக்கி எலும்பும் தோலுமாகிவிட்ட அனோரெக்சியா நோயாளி தன்னைக் குண்டு என்றே நம்புகிறார், நிலைக்கண்ணாடிக்கு முன்னால் நிற்கும்போதும்கூட. இதில் எதைப் பிம்பம் என்பது?

‘உடல் தோற்றம்’ என்று எழுதுகிறவர்கள் இன்னும் ஒரு படி மேலே. பாடி இமேஜை மேம்படுத்தச் சொல்கிற கட்டுரை அவர்கள் கையில் ‘உடல் தோற்றத்தை மேம்படுத்துங்கள்’ என்று ஆகிவிடுகிறது. இருக்கிற உடலோடு சமாதானமாக இருங்கள் என்று சொல்ல வந்த பத்தி, இடுப்பைக் குறைத்துக்கொண்டு வாருங்கள் என்கிறது. ஏற்கெனவே தன்னைப் பார்த்துச் சுளிக்கிற பதினைந்து வயதுப் பிள்ளை இதைப் படித்தால் என்ன ஆகும் என்று யாராவது யோசித்தார்களா? தனித்தமிழ் அன்பர்கள் ‘உடற்படிமம்’ என்கிறார்கள். தப்பில்லை, ஆனால் படிமம் என்றதும் வாசகர் புதுக்கவிதைக்குப் போய்விடுகிறார்.

நான் எழுதுவது ‘உடல் குறித்த மனப்படம்’. நீளம்தான். தலைப்புக்குச் சுருக்கமாக வேண்டுமென்றால் ‘உடல் மனப்படம்’ போதும். பாசிட்டிவ், நெகட்டிவ் என்று வரும் இடங்களில் இந்த நேர்மறை, எதிர்மறையை ரத்தப் பரிசோதனை அறிக்கைக்கு விட்டுவிடலாம். உடல் மீதான நல்லெண்ணம், உடல் மீதான தாழ்வெண்ணம் என்றால் யாருக்குத்தான் புரியாது?

அப்புறம் இதன் கூடவே வரும் செல்ஃப் எஸ்டீம். இதைத் தன்னம்பிக்கை என்று எழுதுவது இன்னொரு கொடுமை. என்னால் முடியும் என்பது தன்னம்பிக்கை. முடிந்தாலும் முடியாவிட்டாலும் நான் மதிப்புள்ள ஆள் என்பது செல்ஃப் எஸ்டீம். மேடையில் வெளுத்துவாங்குகிறவர் வீட்டுக்குப் போய்த் தன்னையே வெறுக்கலாம், முதலாவது நிறைய இருந்தும் இரண்டாவது சுத்தமாக இல்லாமல். சுயமரியாதை என்றால் 1925இல் தொடங்கிய இயக்கம் நினைவுக்கு வருகிறது, வரவும் வேண்டும். அந்தச் சொல்லுக்கு ஒரு சமூக வரலாறு இருக்கிறது, அதை மனநல ஆலோசனைக்கு இழுக்க வேண்டாம். தன்மதிப்புதான் சரி. எஸ்டீமின் லத்தீன் வேருக்கு மதிப்பிடுதல் என்று பொருள், ஆங்கில எஸ்டிமேட்டும் அங்கிருந்தே வந்தது. தமிழில் மதித்தல் என்பதும் கணக்கிடுவது, போற்றுவது இரண்டையும் குறிக்கும். இவ்வளவு பொருந்துகிற சொல் எப்போதாவதுதான் கிடைக்கும், அதை விட்டுவிட்டு ஏன் அலைகிறார்கள் என்று தெரியவில்லை.

ஆரோக்கிய வாழ்வுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், சொல்லைச் சரியாக வைத்துவிட்டாலே அது பாதி விளங்கிவிடும். உடற்பயிற்சி தொடங்கியவர்களில் பலருக்கு எடை அசையாதபோதும் உடலைப் பற்றிய எண்ணம் நல்லபடியாக மாறுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. படி ஏறினால் மூச்சு வாங்கவில்லை, ராத்திரி தூக்கம் வருகிறது, கனமான பையைத் தூக்க முடிகிறது. உடல் எப்படித் தெரிகிறது என்பதிலிருந்து என்ன செய்கிறது என்பதற்குக் கவனம் நகர்கிறது. தோற்றத்துக்காகவே பயிற்சி செய்கிறவர்களுக்கு இந்தப் பலன் அவ்வளவாகக் கிட்டுவதில்லை. ‘உடல் பிம்பம் மேம்பட உடற்பயிற்சி’ என்று தலைப்பு வைத்தால் இந்த வேறுபாட்டைச் சொல்லவே வழியில்லை. ‘உடல் மீது நல்லெண்ணம் வர உடற்பயிற்சி’ என்று வைத்துப் பாருங்கள், கீழே எழுத வேண்டிய பத்திகூடத் தானாக வந்து நிற்கும்.