பழைய கொம்பியூட்டர் எதற்காகக் காத்திருக்கிறது?

மட்டக்களப்பு, களுவாஞ்சிகுடி, கல்முனை என்று இந்தக் கரையோரமாக எந்தக் கொமியூனிகேஷன் கடைக்குள் நுழைந்தாலும் 2010ஆம் ஆண்டை ஒட்டி வாங்கிய டெஸ்க்டொப் ஒன்று இன்னும் உழைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். பாடசாலைக் கணினி அறைகளிலும் இதே நிலைதான். பட்டனை அழுத்திவிட்டுப் போய்த் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் தகவலைச் சேமிக்கும் எஸ்எஸ்டி போடலாமா என்று கேட்டால், "உங்கட மதர்போர்ட் பழசு, சாட்டா 2தான் இருக்கு. போட்டும் பிரயோசனம் இல்ல" என்று சிலர் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் வழிதான் சாட்டா, 2 என்பது அதன் பழைய தலைமுறை. அவர்கள் சொல்வது பிழையான ஆலோசனை. இதை நம்பி நல்ல மெஷின்கள் பழைய இரும்புக்குப் போவதால்தான் இந்தக் கட்டுரை.

விண்டோஸ் 10 ஓடும் அப்படியொரு மெஷினில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். சிபியு பத்துப் பதினைந்து சதவீதத்தில் சும்மா இருக்கும். டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் சிவந்து நிற்கும். ஆனால் அதே இடத்தில் வாசிக்கும் வேகத்தைப் பார்த்தால் செக்கனுக்கு ஒன்றிரண்டு மெகாபைட்தான் இருக்கும். அந்த டிஸ்க்கால் செக்கனுக்கு 100 மெகாபைட் தர முடியும். முழு மூச்சாக வேலை செய்கிறது, ஆனால் வேலை நடக்கவில்லை. எப்படி?

ஹார்ட் டிஸ்க்கின் உள்ளே காந்தப்பூச்சுள்ள தட்டு நிமிடத்துக்கு 7200 தடவை சுழல்கிறது. அதன் மேலே, தட்டைத் தொடாமல், சில நானோமீற்றர் உயரத்தில் காற்று மெத்தையில் மிதந்தபடி வாசிக்கும் தலை நகர்கிறது. ஒரு கோப்பு வேண்டுமென்றால் தலை முதலில் சரியான தடத்துக்குப் போக வேண்டும். அதற்குச் சராசரியாக 8 முதல் 9 மில்லிசெக்கன் எடுக்கும். பிறகு வேண்டிய பகுதி சுழன்று தலைக்குக் கீழே வரும்வரை நிற்க வேண்டும். ஒரு முழுச் சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன், ஆகவே சராசரிக் காத்திருப்பு அதில் பாதி. மொத்தம் 12, 13 மில்லிசெக்கன். செக்கனுக்கு எண்பது தடவைக்கு மேல் இந்தப் பயணத்தைச் செய்ய முடியாது.

ஒரு பெரிய வீடியோவை வாசிக்கும்போது இது தெரியாது, ஒரு தடவை போய் நின்றால் தொடர்ச்சியாக வாசித்துக்கொண்டே போகலாம். விண்டோஸ் தொடங்குவதோ ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாக எடுக்கும் வேலை. கலியாணக் காட் கொடுக்கப் போவதைப் போலத்தான்: காட்டை நீட்டுவதற்கு ஒரு நொடி, வீடு வீடாக அலைவதற்கே நாள் முழுவதும். 4 கிலோபைட் துண்டுகளாக எண்பது தடவை எடுத்தால் செக்கனுக்குக் கிடைப்பது 320 கிலோபைட். பத்தாயிரம் துண்டுகள் வேண்டுமென்று வைத்துக்கொள்வோம். அலைச்சலுக்கு மட்டும் இரண்டு நிமிடம் போய்விடும்.

எஸ்எஸ்டியில் அலைச்சலே கிடையாது. 1980களில் ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் புஜியோ மசுவோக்கா உருவாக்கிய பிளாஷ் நினைவகம்தான் அதற்குள் இருக்கிறது. மின்காப்புப் படலத்துக்குள் சிறைப்பட்ட இலத்திரன்கள்தான் அங்கே தகவல். மின்சாரம் போனாலும் அவை வெளியேறாது. எந்த மூலையில் இருந்தாலும் முகவரியைக் கொடுத்து, மின்னழுத்தத்தைப் பார்த்து வாசித்துவிடலாம், சுமார் 0.1 மில்லிசெக்கனில். மேலே சொன்ன பத்தாயிரம் துண்டுகள் ஒரு செக்கனில் முடிந்துவிடும்.

சரி, சாட்டா 2 விஷயத்துக்கு வருவோம். அதன் உச்ச வேகம் செக்கனுக்கு 300 மெகாபைட், சாட்டா 3க்கு 600. ஒரு துண்டுக்கு 0.1 மில்லிசெக்கன் என்றால் செக்கனுக்குப் பத்தாயிரம் துண்டு, அதாவது 40 மெகாபைட். முந்நூறில் கால்வாசி கூட இல்லை! 2003இல் வந்த முதல் சாட்டாவின் 150 மெகாபைட்டே இதற்குத் தாராளம். பெரிய கோப்புகளைப் பிரதி எடுக்கும்போது சாட்டா 2 தடுப்பது உண்மை. ஆனால் ஒரு வேர்ட் ஆவணத்தைத் திறந்து, வினாத்தாள் அடித்து, பிரிண்ட் கொடுக்கிறவருக்கு அந்த வித்தியாசம் கண்ணில் படாது. அவருடைய பிரச்சினை காத்திருப்பு, அது இல்லாமல் போய்விடுகிறது. ரெம் 2 ஜிபிதான் என்றால் அதையும் 4 ஆகவோ 8 ஆகவோ கூட்டுவது நல்லது.

மாற்றுவதும் கஷ்டமில்லை. புதிய கேபிள் தேடி அலைய வேண்டாம், யாரும் தொடாமல் கிடக்கும் டிவிடி ட்ரைவ் சாட்டா வகை என்றால் அதன் டேட்டா கேபிளையும் பவர் கேபிளையும் கழற்றி எஸ்எஸ்டியில் மாட்டலாம். இரண்டும் எல் வடிவ வாய் என்பதால் தலைகீழாகப் போகாது. எஸ்எஸ்டி 2.5 அங்குலம், கேஸில் இருக்கும் இடம் 3.5 அங்குலம்; ஒரு பிராக்கெட் வாங்கிப் பூட்டலாம். அசையும் பாகம் இல்லாத பொருள், அதனால் ஒரு பக்கத்தை மட்டும் இறுக்கினாலும் பாதகமில்லை.

மெஷின் தொடங்கும்போது திறக்கக்கூடிய பயோஸ் அமைப்பில் ஒரு விஷயத்தை மட்டும் தவற விடாதீர்கள். பழைய போர்டுகளில் சாட்டா மோட், அதாவது டிஸ்க்கோடு பேசும் முறை, பெரும்பாலும் பழைய ஐடிஇ என்று கிடக்கும். அதைப் புதிய முறையான ஏஎச்சிஐ ஆக்க வேண்டும், அதுவும் விண்டோஸ் போடுவதற்கு முன்பே. போட்ட பிறகு சும்மா மாற்றினால் நீலத்திரைதான் வரும். பழைய விண்டோஸ் எக்ஸ்பியைத் திரும்பவும் போட வேண்டாம். அழித்த கோப்பின் இடம் இனித் தேவையில்லை என்று எஸ்எஸ்டிக்கு அறிவிக்கும் டிரிம் கட்டளை அதற்குத் தெரியாது. விண்டோஸ் 7இலிருந்து தெரியும்.

எழுவான்கரையில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் வாவியும் இருக்கும் நிலத்தில், கேஸைத் திறந்தால் தூசியோடு உப்பும் சேர்ந்திருக்கும். கனெக்டரின் பொன்னிறத் தகடுகளில் பச்சை படிந்திருந்தால் அந்தக் கேபிளை எறிந்துவிடுங்கள். கிறிஸ்டல்டிஸ்க்இன்போ என்ற இலவச மென்பொருளில் சிஆர்சி பிழைகளின் (தகவல் போய்வரும் வழியில் சிதைந்த தடவைகளின்) எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனால், பெரும்பாலும் டிஸ்க்கில் அல்ல, கேபிளில்தான் கோளாறு. மாரி காலத்தில் இடி மின்னலோடு கரண்ட் போய்ப் போய் வரும். எந்தத் தகவல் எந்தச் சிப்பில் இருக்கிறது என்ற அட்டவணையை எஸ்எஸ்டி தானே எழுதிவைத்துக்கொள்கிறது. அதை எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் முழு ட்ரைவுமே அடையாளம் தெரியாமல் போகக்கூடும். கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் ஒரு சின்ன யூபிஎஸ்ஸுக்குக் காசைச் செலவழிப்பது தகும்.

விண்டோஸைப் புதிதாகப் போடுகிறவர்கள் டெஸ்க்டொப்பில் கிடக்கும் கோப்புகளை ஞாபகமாக எடுத்துவிடுவார்கள், பொன்ட்களை (எழுத்துருக்களை) மறந்துவிடுவார்கள். நம் கடைகளில் வருடக்கணக்காக அடித்த வினாத்தாள், மரண அறிவித்தல், கோயில் நோட்டீஸ் எல்லாம் பாமினியில் இருக்கின்றன. அந்தப் பொன்ட் இல்லாவிட்டால் அத்தனையும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். விண்டோஸ் போல்டருக்குள் இருக்கும் பொன்ட்ஸ் போல்டரை முழுவதுமாகப் பிரதி எடுத்து வையுங்கள்.

பழைய ஹார்ட் டிஸ்க்கையும் எறிய வேண்டாம். இரண்டாவது டிஸ்க்காக அதே கேஸில் இருக்கட்டும். ஹார்ட் டிஸ்க்கில் தவறுதலாக அழித்த கோப்பை, மேலே வேறொன்று எழுதப்படும்வரை மீட்டெடுக்க வழியுண்டு. எஸ்எஸ்டியில் டிரிம் ஓடிவிட்டால் அந்த இடம் கொஞ்ச நேரத்திலேயே துடைக்கப்பட்டுவிடும், மீட்பு மென்பொருள் எதுவும் கைகொடுக்காது. ஆகவே அன்றன்று அடித்த வேலையை மாலையில் பழைய டிஸ்க்குக்கும் ஒரு பிரதி போட்டுவிடுங்கள். அதில் பழுதான செக்டர்கள் காட்டத் தொடங்கியிருந்தால், அந்தப் பிரதியை வெளியிலுள்ள வேறொரு ட்ரைவில் வையுங்கள்.