கோடை மலையேற்றம்: ஏறும் வழியைவிட இறங்கும் வழியைக் கவனியுங்கள்

ஜூன் பிறந்துவிட்டால் பாஸ்டன் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பல நியூ ஹாம்ப்ஷயர் மலைகளுக்குக் கிளம்பிவிடும். அடுத்த வாரம் அவர்களில் சிலர் சுளுக்கிய கணுக்காலோடும் வலிக்கிற முட்டியோடும் என்னைப் போன்ற பிசியோதெரபிஸ்டுகளிடம் வருவார்கள். "வெயில்தானே அடித்தது, எப்படி வழுக்கியது?" என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். அவர்கள் பேச்சில் அதிகம் வரும் பெயர் அங்குள்ள பிராங்கோனியா ரிட்ஜ் சுற்று என்ற மலைமுகட்டு நடைபாதை.

சுமார் 14 கிலோமீட்டர் நடை, ஏறத்தாழ 1,200 மீட்டர் ஏற்றம். லிட்டில் ஹேஸ்டாக், லிங்கன், லஃபாயெட் என மூன்று உச்சிகளைத் தொட்டுவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே வந்து சேரலாம். மண்பாதை கொஞ்சம்தான், மற்றதெல்லாம் கல்லும் வேரும். அடி தேய்ந்த ஓட்ட ஷூ இங்கே உதவாது.

எந்தப் பக்கம் ஏறுவது என்பது முக்கியம். ஃபாலிங் வாட்டர்ஸ் பாதையில் ஏறி, ஓல்ட் பிரைடில் பாதையில் இறங்குங்கள். முதல் பாதை அருவிகளை ஒட்டிப் போகிறது; ஓடையைச் சில இடங்களில் கடக்க வேண்டும். மரநிழலும் சாரலும் இருப்பதால் மழை விட்ட மறுநாளும் பாறை காய்ந்திருக்காது. ஈரப் பாறையில் ஏறும்போது உடம்பு முன்னால் சாய்ந்திருக்கும், கையை ஊன்றிக்கொள்ளலாம். அதே பாறையில் இறங்கினால் குதிகால் வழுக்கி மல்லாக்க விழவேண்டியதுதான். கனமழை பெய்திருந்தால் ஓடைகளில் தண்ணீர் ஏறிவிடும். அன்றைக்கு வேறு மலையைப் பாருங்கள்.

உச்சிகளுக்கு நடுவே 2.7 கிலோமீட்டருக்கு ஒதுங்க ஒரு மரம் கிடையாது. கோடையில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் வரும், அதனால் விடிந்ததும் கிளம்பிவிடுங்கள். மேலே குளிர்காற்று வீசும். ஜூலையானாலும் ஜாக்கெட் பையில் இருக்கட்டும்.

இறங்கும்போது தொடையின் முன்தசைதான் நீண்டபடியே உடல் எடையைத் தாங்குகிறது. ஏற்றத்தில் மூச்சு வாங்கும், நாமாகவே நின்றுவிடுவோம். இறக்கத்தில் மூச்சு வாங்குவதில்லை, தசை களைத்திருப்பதே தெரியாது. நான் பார்க்கும் காயங்களில் நிறைய கடைசி ஒரு மணி நேரத்தில், "கார் பக்கத்தில் வந்தாச்சு" என்று வேகம் கூட்டும்போது நேர்ந்தவை. லஃபாயெட்டுக்குக் கீழே கிரீன்லீஃப் ஹட் என்ற மலையேறிகள் தங்கும் விடுதி இருக்கிறது. அங்கே உட்கார்ந்து சாப்பிடுங்கள், ஷூ கயிற்றை இறுக்கிக் கட்டுங்கள். அதற்குக் கீழேயும் செங்குத்தான பாறைகள் உண்டு. கைத்தடிகள் இரண்டு இருந்தால் முட்டிக்குப் பெரிய உதவி. வயதானவர்களுக்கு மட்டும்தான் அது என்று கூச்சப்படாதீர்கள்.

சரி, சுளுக்கிவிட்டது. அந்தக் காலை ஊன்றி நான்கு அடி வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பின் பின்விளிம்பை அழுத்தினால் வலித்தாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். அப்புறம், சுளுக்கு என்றதும் நாம் எடுக்கும் தைலம்: முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு எதையும் தேய்த்து நீவிவிட வேண்டாம், வீக்கம் கூடும்.